விபத்து நடந்த நாள்

படிவத்தில் ஆறாவது கட்டம்:
விபத்து நடந்த இடம், நாள், நேரம்.
தேவகுமாரிதான் நிரப்பினாள்,
பேனா என் விரல்களில் நிற்பதில்லை.
இடம் சொன்னேன்:
அம்பத்தூர் எஸ்டேட், இரண்டாவது ஷெட்,
கழிப்பறைச் சுவரை ஒட்டிய நான்காம் நம்பர் பிரஸ்.
நாள் என்றதும்
ரெண்டு பேரும் காலண்டரைப் பார்த்தோம்,
அது ஏதோ வாய் திறக்கும் என்பதுபோல.

பதினேழு வருஷம்.
ஷிப்டுக்கு ஆயிரத்து எண்ணூறு அடி,
ஓவர்டைம் இருந்தால் இரண்டாயிரத்து நானூறு.
இதில் எந்த அடி, சொல்லுங்கள்.

"சட்டத்துக்கு ஒரு தேதி வேணும்ணா" என்றார் வக்கீல் ஹாஜிரா.
"முதல்ல எப்போ தெரிஞ்சுது?"
பிடித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த டீ டம்ளர்
தரையில் கிடந்ததே,
அந்த நாளைச் சொன்னேன்.
எழுதிக்கொண்டார்.
அது ஞாயிற்றுக்கிழமை.

தேனாம்பேட்டை. மூன்றாம் மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை.
எதிர்த்தரப்பு வக்கீல் காலண்டரை நன்றாகப் படித்து வந்திருந்தார்.
"ஞாயிறு கம்பெனிக்கு லீவு.
விபத்து மனுதாரரின் சமையற்கட்டில் நடந்திருக்கிறது."
தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் அந்த இடத்தில் நிறுத்தி
மணிக்கட்டை ஒருமுறை உதறிவிட்டுத் தொடர்ந்தார்.

இன்சூரன்ஸ் ரெண்டு கம்பெனி.
முதல் ஒன்பது வருஷம் ஒருவர், மீதி எட்டு இன்னொருவர்.
எங்கள் காலத்தில் இவருக்கு வலியே இல்லை என்றார் முன்னவர்.
எங்களிடம் வரும்போதே நரம்பு பாதி போயிருந்தது என்றார் பின்னவர்.
எங்கள் தெருவில்
கார்ப்பரேஷன் மெட்ரோ வாட்டரைக் கைகாட்டும்,
மெட்ரோ வாட்டர் மின்வாரியத்தைக் கைகாட்டும்,
பள்ளம் அங்கேயே இருக்கும்.
இந்தப் பள்ளத்தை
நான் மேஜைமேல் வைத்திருந்தேன்,
கட்டைவிரலடியில், சதை வற்றிய இடத்தில்.

அவர்களுடைய டாக்டர் கேட்டார்:
சர்க்கரை உண்டா? பைக் ஓட்டுவீர்களா?
செல்போன் எவ்வளவு நேரம்?
பைக் ஓட்டித்தான் வேலைக்குப் போனேன் சார்.

ஈ.எஸ்.ஐ. ஏன் இல்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள்.
நூற்றிருபது ரூபாய் கூடிச் சம்பளம் எல்லையைத் தாண்டிய மாதம்
ஷெட் முழுக்க லட்டு கொடுத்தேன்.

பிரஸ்ஸில் கவுண்டர் ஐந்து இலக்கம்.
ஐந்தும் ஒன்பதான பிறகு
அடுத்த அடிக்கு ஐந்தும் பூஜ்ஜியம்.
இயந்திரத்துக்கு அந்த வசதி உண்டு.
ஐம்பதாயிரம் அடிக்கு ஒருமுறை டையைக் கழற்றி
சாணைபிடிக்க அனுப்புவோம்.
ரிஜிஸ்டரில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: தேய்மானம்.
இரும்புக்கு அந்த வார்த்தை.
என் கைக்கு அவர்கள் எழுதியது: வயது.
எனக்கு நாற்பத்து மூன்று.

அந்த ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லி
ஹாஜிரா மனுப் போட்டார்.
வெள்ளத்தில் போய்விட்டது என்றது கம்பெனி.
"எந்தத் தேதி வெள்ளம்?" என்றார் ஹாஜிரா.
எதிர்த்தரப்பு வக்கீல் ஃபைலைப் புரட்டினார்.
முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார்.
ஃபேன் சத்தம் கேட்டது.

வாக்குமூலத்தின் கீழே கையெழுத்துக் கேட்டார்கள்.
ஐ.டி.ஐ. ஃபிட்டர், முதல் வகுப்பு.
இடது பெருவிரலை நீட்டினேன்.
பாவம், அதற்கு இன்னும் எல்லாம் தெரிகிறது:
மை ஜில்லென்று இருந்தது.

அடுத்த வாய்தா பதினெட்டாம் தேதி என்றார் கிளார்க்.
ஞாயிறு இல்லையே, என்றேன்.
அவர் நிஜமாகவே
திரும்பிக் காலண்டரைப் பார்த்தார்.