இயக்கச் செலவுகள் ஏற்கப்படா

ஜெலுத்தோங் கடைவரிசை, மேல்மாடி.
கீழே டயர்க்கடை ஷட்டர் இறங்கி வெகுநேரம்.
இன்றிரவு பதினொன்று ஐம்பத்தொன்பதோடு
மானியப் பாரம் மூடிக்கொள்ளும்.
மூன்று பேர், ஒரு மடிக்கணினி,
ஆறிப்போன மீ கோரெங் ஒரு பொட்டலம்.

சங்கத்தின் பெயர், பதிவெண், வங்கிக் கணக்கு:
இவை எளிது.
பயனாளிகள் எத்தனை பேர்?
இருபத்து மூன்று என்று போன மாதமே எழுதி வைத்தேன்.
செவ்வாய்க்கிழமை அதை அடித்து
இருபத்திரண்டு ஆக்கினேன்.
வெள்ளிக்கிழமை ஃபார்லிமிலிருந்து ஒரு பெண் அழைத்தாள்,
அப்பாவுக்கு வேனில் இடமிருக்கிறதா என்று.
மறுபடி இருபத்து மூன்று.
ஒன்றும் நடக்கவில்லை என்றுதான்
பாரம் நினைத்துக்கொள்ளும்.

மூன்றாண்டில் கண்ட வளர்ச்சி என்ன என்கிறது
அடுத்த பெட்டி.
டயாலிசிஸ் வேனில் எது வளர்ச்சி?
ஊய் அம்மாளைப் பார்த்தேன்.
பொருளாளர், ஓய்வுபெற்ற வங்கிக்காரி.
வெளுத்துப்போன பெட்ரோல் ரசீதுகளை
விளக்குக்கு நேரே பிடித்து
ஆவியை அழைப்பவள்போல்
எண்களை அழைத்துக்கொண்டிருந்தாள்.
"நாற்பத்தொண்ணா, நாற்பத்தேழா?"
"ஏழு. அன்னைக்கு பாயா தெருபோங் ஜாம்ல
ஊறிப்போய் நின்னோமே"
என்றார் அப்பளசாமி.
வேனோட்டி. மை போன ரசீதெல்லாம்
அவர் தலைக்குள் கறுப்பாகவே இருக்கிறது.

வழிகாட்டி நூல், ஒன்பதாம் பக்கம், பொடி எழுத்தில்:
பெட்ரோல், சம்பளம், பழுதுபார்ப்பு
முதலான இயக்கச் செலவுகள் ஏற்கப்படா.
பட்டறை, பதாகை, டீசட்டை ஏற்கப்படும்.

யாரும் பேசவில்லை.
ஐந்து மணி இருட்டில் ஏற்றி,
ஒன்பதரை வெயிலில் இறக்கி,
அடுத்த ஆளை ஏற்றி.
இயங்குவதைத் தவிர நாங்கள்
வேறெதுவும் செய்ததில்லை.

ஊய் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள்.
"வேனுக்குள்ள என்ன பேசுவீங்க, அப்பு?"
"தண்ணியக் குறைங்கன்னு சொல்லுவேன்.
தாகமெடுத்தா ஐஸ் கட்டி ஒண்ணு வாயில வைங்க,
பிலிம்பிங் பழத்துக் கிட்டயே போகாதீங்க.
வேற என்ன, பாட்டு போடுவேன்."
"எழுதிக்கோ" என்றாள் என்னிடம்.
"நடமாடும் சிறுநீரக விழிப்புணர்வுப் பட்டறை.
பங்கேற்பாளர் எட்டுப் பேர். நாற்பது நிமிடம்.
வாரம் ஆறு நாள்.
பயிற்றுநர், திரு அப்பளசாமி த/பெ சிம்மாத்திரி."

அவர் சிரித்தார்.
பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

தனித்தனியே ஒவ்வொரு சொல்லும் மெய்தான்.
சேர்த்துப் படித்தால்
யாரோ வேறொரு சங்கம்,
ஏசி அறையில், பெயரட்டை மாட்டிக்கொண்டு.
இருந்தும் தட்டினேன்.
பதாகைக்கு ஒரு வரி. டீசட்டை எட்டு.
பத்து மணி ஐம்பது.

நிதி முடிந்தபின்
பயனாளிகள் வெளியேறும் வழிமுறை யாது?
அதை மட்டும் நான் உரக்கப் படிக்கவில்லை.
செவ்வாய்க்கிழமை ரைஃபிள் ரேஞ்ச் பிளாட்டுக்குக் கீழே
ஹாரன் அடித்துவிட்டு அப்பளசாமி காத்திருந்தது நான்கு நிமிடம்.
ஐந்தாம் நிமிடம்
வீராயியின் மகன் வெறுங்காலோடு இறங்கி வந்தான்.
"தொடர் நடவடிக்கை திட்டமிடப்பட்டுள்ளது"
என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

பயனாளிகளின் படம் ஒன்று,
சிரித்த முகம் விரும்பத்தக்கது,
இரண்டு எம்பிக்கு மிகாமல்.
திரும்பும் வழியில் யார் சிரிக்கிறார்கள்?
பஞ்சு ஒட்டிய கையை மடியில் வைத்துத் தூங்குகிறார்கள்.
தீபாவளிக்கு எடுத்த ஒரு படம் கிடைத்தது.
சுருக்கி, மறுபடி சுருக்கி ஏற்றினேன்.
முகங்கள் கட்டங்கட்டமாய் உடைந்தன.
மூன்றாவது வரிசையில் வீராயி,
கட்டங்களுக்குள்ளும் பல் தெரிய.
வேறு படம் தேட நேரமில்லை.
தேடவும் தோன்றவில்லை.

கடைசிப் பெட்டி:
வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?
ஐந்நூறு எழுத்துக்குள்.
பின்னிருக்கையின் இடப்பக்கக் கண்ணாடி
இறங்குவதில்லை என்று எழுதினேன்.
நானூற்றுச் சொச்சம் எழுத்து மிச்சமிருந்தது.

பதினொன்று ஐம்பத்து மூன்று.
திரையில் வட்டம் சுற்றிக்கொண்டேயிருக்கிறது.
அப்பளசாமி எழுந்துவிட்டார்,
நாலரைக்கு எண்ணெய் போட்டாக வேண்டும்.
ஊய் அம்மாள் தன் கைப்பையைத் திறந்து
ஐம்பது வெள்ளி நோட்டை நீட்டினாள்.
"ரசீது" என்றாள்.
"பேனாவில எழுதித் தரச் சொல்லுங்க."