அரக்கனைத் துப்புரவு செய்த வகையில்

"அரக்கனைத் துப்புரவு செய்த வகையில்
எட்டுக் காசு" என்று
போல்மெர் நகரசபைக் கணக்கில்
வருஷந்தோறும் ஒரு வரி.
என் பெயர் அதில் கிடையாது.
எம்ளின் என்று எழுதி
மையை எதற்குச் செலவழிப்பானேன்?

கார்ன்வால் கரையில், கடலைப் பார்த்துச் சரியும் மேட்டில்
புல்லை வெட்டிக் கீறிய இரண்டு உருவங்கள்.
மண்வெட்டி அகலத்துக்குப் பள்ளம்,
பள்ளம் நிறையச் சிப்பிப் பொடி.
ஒருவன் ரூவன்:
கிழக்கே எரிந்துபோன ஏதோ ஊரிலிருந்து
ஒன்பது கப்பலோடு வந்து
எங்கள் ஊருக்குக் கால்கோள் செய்தவன்.
மற்றவனுக்குப் பெயர் இல்லை.
கவுர் என்போம். எங்கள் பேச்சில்
அதற்கு அரக்கன் என்றுதான் பொருள்.

மூன்று பகல் மல்லுக்கட்டு.
நான்காம் நாள் விடியலில் இடுப்பைப் பிடித்துத் தூக்கி
விளிம்பிலிருந்து வீசினான்.
கடல் ஒரு வாரம் சிவப்பாக இருந்ததாம்.
"ஆடுகளைத் தின்றான் அந்தப் பாவி" என்பார்
பாதிரியார் பாஸ்கோ, திருநாள் பிரசங்கத்தில்.
ஆடுகளைக் கொண்டுவந்ததே கப்பல்காரர்கள்.
அதற்கு முன்னால் அவன் என்ன தின்றான்
என்று கேட்க எழுந்து,
இருமிவிட்டு உட்கார்ந்தேன்.

ரூவனுக்கு அரை நாள் போதும்.
அரக்கனுக்கு நாலு நாள்;
இடது பாதத்துக்கே ஒரு பகல் போய்விடும்,
குதிகாலில் முள்செடி விடாமல் முளைக்கும்.
முதுகு ஒடியும் நேரம்
அவன் தொடைப் பக்கம் படுத்து ரொட்டி தின்பேன்.
மேடு அங்கே கொஞ்சம் குழிந்திருக்கும்.
காற்று அறையாத இடம் அது ஒன்றுதான்.

கதிரெல்லாம் மழையில் அழுகிய வருஷம்
சபை கூடிற்று.
"ஒருவனுக்குத்தான் காசு இருக்கிறது.
நம்மவனை மட்டும் சுத்தம் செய்."
இரண்டு காசு கொடுத்தார்கள்.
செய்தேன்.

கோடை நடுவில் அரக்கனைப் புல் மூடிவிட்டது.
ரூவன் தனியே நின்றான்.
வளைத்த கைகளுக்குள் ஒன்றுமில்லை.
பின்னுக்குச் சாய்ந்த உடம்பு, அகட்டிய கால், தூக்கிய தாடை,
சாராயக்கடையிலிருந்து வெளியே தள்ளப்பட்டவன் போல.
பிள்ளைகள் அவனைப் போல நடந்து காட்டினார்கள்.
காற்றுக்கு முத்தம் கொடுக்கிறான் என்றாள் ஒருத்தி.
பாதிரியார் அந்த வருஷம்
கதையைச் சுருக்கிக்கொண்டார்.

சிரிப்பு அறுவடை மாதம் வரைதான்.
அரக்கன் தலையும் தேவாலய மணிக்கூண்டும்
ஒரே கோட்டில் வந்தால் சுக்கானைத் திருப்பு:
எங்கள் மீனவர்களுக்கு நடக்கத் தெரியுமுன் தெரிந்த பாடம்.
யூடியின் படகு
தலையைத் தேடித் தேடிப் பாறையில் ஏறிற்று.
மூன்று பேரில் இருவர் நீந்தி வந்தார்கள்.
ஜோரி வரவில்லை.

மறுநாள் எழுத்தர் டிரெனன்ஸ் என் கதவைத் தட்டினார்.
"எட்டுக் காசு" என்றார்.
"அடிக்கு இவ்வளவு என்று பேசுவோம்" என்றேன்.
முனகினார். பிறகு கடல் பக்கம் பார்த்தார்.
ஒப்புக்கொண்டார்.

அளவுக் கயிற்றோடு ஏறினேன்.
புல்லுக்குக் கீழே அவன் அப்படியே கிடந்தான்,
சிப்பி மட்டும் கொஞ்சம் மங்கி.
கண்ணைத் திறந்தேன். காதைத் திறந்தேன்.
குதிகால் முள்ளைப் பிடுங்கினேன்,
வழக்கம்போல அது என் கையையும் கிழித்தது.

இடுப்புக்கு வந்தபோதுதான் பார்த்தேன்,
இருபது வருஷம் மண்டியிட்டும் பார்க்காததை:
ரூவனின் முன்கையும் அரக்கனின் விலாவும்
தனித்தனிக் கோடு இல்லை.
ஒரே பள்ளம். ஒரே வெட்டு.
அந்தப் பஞ்ச வருஷத்திலும்
அதைத் திறந்தேதான் வைத்திருந்தேன்,
கை என்று நினைத்து.
கீறியவன் சோம்பேறியோ,
தெரிந்தேதான் செய்தானோ.

"மொத்தம் எத்தனை அடி?"
கீழேயிருந்து கத்தினார் எழுத்தர்.

அந்த ஆறடியை
ரூவன் கணக்கில் ஒருமுறை,
அரக்கன் கணக்கில் ஒருமுறை
எழுதச் சொன்னேன்.