பொறோவும் லெண்டும்

புதன் பின்னேரம். ஒலுமடு மாதர் சங்கக் கட்டடம்.
நாலு மணிக்குப் போன கரண்ட் வரவில்லை.
துஷாளினி ரீச்சருக்கு இருபத்திமூன்று வயது,
எங்கள் எல்லோரிலும் இளையவள்.
பலகையில் இரண்டு சொல் எழுதிவிட்டு
வெளிச்சத்துக்குக் கதவை அகலத் திறந்தாள்.

பொறோ. லெண்ட்.
வாங்கிற ஆளுக்கு ஒண்டு, குடுக்கிற ஆளுக்கு மற்றது.
மாறி எழுதினால் காசு கை மாறிப் போயிடும், கவனம், என்றாள்.

தமிழில் எனக்கு ஒரே சொல்தான்.
கடன்.
வாங்குவேன், கட்டுவேன், படுவேன்.
காலையில் கழிப்பதும் கடன்,
செத்தவருக்குச் செய்வதும் கடன்,
அதுகளுக்கு வட்டி இல்லை.

மூன்றாம் வாங்கில் கஜீபன்.
செவ்வாய்தோறும் என் படலையில் நிற்கிற மோட்டார் சைக்கிள்காரன்.
ஹோர்ன் அடிக்க மாட்டான்,
இஞ்சினையும் நிறுத்த மாட்டான்.
நேற்றும் வந்தவன்.
இன்றைக்குத் தலையை ஈரமாய் வாரி,
புதுக் கொப்பியோடு,
நான் இருக்கிற பக்கம் பாராமல்.

எழும்பி வாசித்தான்:
ஷீ பொறோட் மீ ஃபோர்ட்டி தௌசன்ட்.

அந்த ஷீ யாரென்று
வகுப்பில் தெரியாதவர் இல்லை.
யாரோ பென்சிலைக் கீழே போட்டார்கள்.

நான் கையை உயர்த்தினேன்.
ரீச்சர், மீக்கு முன்னால ஃப்ரொம் வரவேணும்.

சரி, வெரி குட்.

மீயும் பிழை, ரீச்சர்.
காசு இவற்றை இல்லை, கம்பனியின்ரை.

ரீச்சர் அவனைப் பார்த்தாள்:
அப்ப என்ன போடுவம்? அஸ்? தெம்?
கஜீபன் பேனையின் மூடியைக் கழற்றிப் பூட்டிக் கழற்றினான்.
சேட்டுப் பையில் கம்பனியின் பெயர் நீல நூலால் தைத்திருந்தது.
பிறகு மீயை வெட்டி
தெம் என்று எழுதினான்.

என் முறை வந்தது.
ஐ ஹாவ் பீன் பேயிங் சின்ஸ் த்ரீ இயர்ஸ்.
சின்ஸை வெட்டினாள் ரீச்சர். ஃபோர்.
தொடங்கின நாளைச் சொன்னால் சின்ஸ்,
எவ்வளவு காலம் எண்டால் ஃபோர்.
வினை மட்டும் சரியாம்:
முன்பு தொடங்கி, இன்னும் நடந்துகொண்டிருப்பதற்கு
அந்த மூன்று சொல்லும் வேண்டுமாம்.
இவ்வளவு பொருத்தமாய் எனக்கு
ஒரு சட்டைகூட இதுவரை தைபடவில்லை.

முடியிற நாளுக்கு என்ன சொல், ரீச்சர்?

அன்ரில்.
அது அடுத்த புதன், என்றாள்.

வெளியே வந்து செருப்பைத் தேடினேன்.
மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்து உறுமியது.
அக்கா, ஃப்ரொம் வருமெண்டு எப்பிடித் தெரியும்?

நீ கையெழுத்து வாங்கின தாளில
ஏழு இடத்தில கிடக்கு.
த பொறோவர் எண்டது நான்தானே,
பெரிய பி போட்டு எழுதியிருக்கிறியள்.
ரெண்டு பக்கம் வாசிச்சிட்டன்.
மூன்றாம் பக்கம்தான் விளங்கேல்லை.

எனக்கும்தான், என்றான்,
இஞ்சினை நிறுத்தாமல்.