கை நீட்டிய வழக்கு

அஜந்தா சிக்னலில் பதினொரு வருஷமாக
இந்தக் கையை நீட்டித்தான் பிழைக்கிறேன்.
நீட்டினால் நிற்கும்:
விழுப்புரம் பஸ், வாடகை ஸ்கூட்டரில் வரும்
பெங்களூர்ப் பிள்ளைகள்,
ஒருமுறை சவ ஊர்வலமும்கூட.

கார்த்திகை மழை. நடுக்கட்டையிலிருந்து இறங்கினேன்.
யாரோ சிந்திய டீசல், அதன்மேல் தண்ணீர்.
சிவப்புத் தொப்பி உருண்டு ஆட்டோவுக்கு அடியில்.
விழுகிறவளுக்கு யோசிக்க நேரம் ஏது?
பழக்கம் முந்திக்கொண்டது.
தரையைப் பார்த்து, நில் என்று கை நீட்டினேன்.

தரை நிற்கவில்லை.

உள்ளங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.
அடி மணிக்கட்டில் இறங்காமல்
முழங்கைவரை டிக்கெட் எடுத்திருந்தது.

பெரிய ஆஸ்பத்திரிச் சீட்டில்:
பெ. மதுரவல்லி, 41, கீழே விழுந்தது, வலது.
சின்ன வயசு டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்து
எலும்பைக் காட்டவில்லை. எலும்புக்கு முன்னால்
கறுப்பாக விரிந்த ஒரு முக்கோணத்தைக் காட்டினார்.
"பாய் விரிச்ச மாதிரி இருக்கா?
மூட்டுக்குள்ள ரத்தம், கொழுப்பை வெளியே தள்ளுது.
ஆரை எலும்போட தலையில கீறல்."
வீராம்பட்டினத்தில் பிறந்தவள் நான்.
பாய் புடைத்தால் எங்கோ காற்று பலமென்று தெரியும்.

ஸ்டேஷன் ரைட்டர் திருநாவு சிரித்தார்:
"கை நீட்டி மாட்டினவங்க நம்ம டிபார்ட்மெண்ட்ல நிறைய,
கை நீட்டி உடைஞ்சது நீங்கதான்."
நானும் சிரித்தேன்.
லீவு மனுவில் இடது கையால் போட்ட கையெழுத்து
வேறு யாருடையதோ போலிருந்தது.

எண்ணெய்க் கட்டுக்குக் கூப்பிட்டாள் நாத்தனார்.
உருவிவிட்டால் மூட்டுக்குள் எலும்பு முளைக்கும் என்றார் டாக்டர்.
துணித் தொட்டிலில் ஒரு வாரம், பிறகு அசைக்கணுமாம்.
முழங்கை ரோஷக்காரி.
ரொம்ப நாள் பேசாமல் விட்டால்
அப்படியே விறைத்துக்கொள்வாளாம்.

பிசியோ அறையில் ஜெசிந்தா
பாகைமானி வைத்து அளக்கிறாள்.
மடக்குங்க. நீட்டுங்க. இப்ப திருப்புங்க.
உள்ளங்கையைத் தரைக்குக் காட்ட முடிகிறது.
வானத்துக்குக் காட்டச் சொன்னால்தான்
உள்ளே யாரோ கதவுக்குக் குறுக்கே நிற்கிறார்கள்.

நிறுத்துகிற கை பிழைத்துவிட்டது.
வாங்குகிற கைதான் போயிற்று.
மளிகைக் கடையில் மிச்சச் சில்லறை தரையில் சிதறியது.
அம்மன் கோயிலில் தீர்த்தத்துக்கு இடது கையை நீட்டினேன்,
பூசாரி ஒரு நொடி தயங்கி
கொஞ்சமாக ஊற்றினார்.

ஏழாம் வாரம் டியூட்டி.
பதினைந்து பாகை இன்னும் பாக்கி.
நீட்டினேன். முழுசாக நிமிராத கை
நில் என்பது போலவும் இருந்தது, வா என்பது போலவும்.
விழுப்புரம் பஸ் குழம்பி, கோட்டைத் தாண்டி நின்றது.
ஒரு ஸ்கூட்டர்காரன் வேகம் குறைத்து, ஓரம் கட்டி,
சட்டைப் பைக்குள் விரல்விட்டான்.

போய்யா, என்றேன்.
அதற்கு முழங்கை வேண்டியிருக்கவில்லை.