நேரக்காரன்

ஆரும் அடிக்கவில்லை அங்கே.
இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஸ்டுடர் அம்மா.
நான் நேரம் பார்த்தேன், அவ்வளவுதான்.

பீல் நகரில், ஷூஸ் கால்வாய் ஓரம்,
முன்பு திருகாணி செய்த கட்டடத்தின் மூன்றாம் மாடி.
வாடகைச் சீட்டில் யோகா, கலாசாரம் என்றிருந்தது.
எண்பது பேர். ஞாயிறு விடிய நாலரை.

மற்ற நாட்களில் நான் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில்
நாளொன்றுக்கு நாலு விநாடிக்கு மேல் பிந்துகிறவற்றைப்
பொறுக்கித் தனியே வைப்பவன்.
அதனால்தான் ஐயா என்னைத் தெரிந்தெடுத்தார்.
"தவறுக்கு அளவு உண்டு, உமக்கு அது விளங்கும்."
எனக்குப் பெருமையாக இருந்தது.
அதையும் எழுதுங்கள்.

அவரவரே சீட்டில் எழுதித் தருவார்கள்.
தியானத்தில் நித்திரை: பதினைந்து நிமிடம்.
சபைக்கு வெளியே கலியாண வீட்டில் கை நனைத்தது: இருபத்தைந்து.
ஐயாவின் சொல்லில் சந்தேகம் என்றால்
எண் கிடையாது,
அவராக வந்து போதும் என்னும்வரை.

முதலில் அரிசிதான் பரப்பினோம். குத்துதில்லை என்று
முழந்தாளிட்டவர்களே முறைப்பட்டார்கள்.
பிறகு கொண்டைக்கடலை,
துருக்கிக் கடையில் ஐந்து கிலோ மூட்டை.
முழங்காலுக்குக் கீழே அது போடும் சத்தம் சின்னது,
சோற்றில் கல் கடிபட்டதுபோல.
வெள்ளிக்கிழமைகளில் அதே கடலையை ஊறவைத்து அவித்து
தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளிப்பார்கள்.
பிரசாதம்.
நானும் தின்றிருக்கிறேன். உப்புக் கொஞ்சம் கூட.

மொழிபெயர்க்கிற தங்கச்சி,
தவம் என்று நான் சொன்னதை நீங்கள் பூஸ்ஸெ என்று மாற்றுகிறீர்கள்.
காரைப் பிழையான இடத்தில் விட்டால்
நகரசபைக்குக் கட்டுகிற காசுக்கும் அதுதானே பேர்?
பரவாயில்லை, விடுங்கள்.
ஐயாவும் அப்படித்தான் கணக்குப் பார்த்தார்.

வானுஜாவைக் கேட்கிறீர்கள்.
பல் வைத்தியரிடம் உதவிக்கு நின்று படித்துக்கொண்டிருந்தவள்,
கையில் எப்போதும் கிராம்பு வாசம்.
அவளுடைய சீட்டில்: அம்மாவோடு போனில் கதைத்தேன்.
தாய் சபையை விட்டுப் போய் ஒரு வருடம்.
இருபது நிமிடம்.

பொத்தானை அழுத்தினேன்.
பதினெட்டாவது நிமிடம் சன்னலுக்கு வெளியே
அந்த வருடத்தின் முதல் பனி,
தெருவிளக்கின் மஞ்சளுக்குள் மட்டும் விழுந்துகொண்டு.
பாண் வான் ஒன்று பின்னுக்கு வந்து
திரும்ப முடியாமல் திரும்பியது.
பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

இருபத்து நாலு.

அவள் தலை நிமிர்த்தவில்லை.
முழங்கால் எண்ணும் என்று எனக்குத் தெரியும்.
கொப்பியில் இருபது என்றே பதிந்தேன்.
நாலு விநாடிக்கு ஒரு மணிக்கூட்டையே
தள்ளி வைக்கிற கை.

இல்லை, மயங்கி விழுந்தது அன்றைக்கில்லை.
அது மாசியில். எனக்கு இரவு வேலை, வேறு ஆள் நேரம் பார்த்தது.
பேர் தெரியும். பிறகு சொல்கிறேன்.

கதவா? பூட்டவில்லை. ஒருநாளும் பூட்டவில்லை.
வாசலில் எண்பது சோடிச் சப்பாத்து,
பனிக்காலத்தில் உருகி ஒரே குளமாய்க் கிடக்கும்.
எழும்பிப் போகலாம்.
ஒருவர் எழும்பினால்
மற்ற எல்லாருக்கும் நேரம் சுழியிலிருந்து தொடங்கும்,
அது மட்டும்தான்.

ஐயா இல்லை.
ஐயா கேட்டார், பாதியில் எழும்புகிறார்களே, என்ன செய்யலாம் என்று.
நான்தான் சொன்னேன்.
ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு,
யோசிக்கக்கூட இல்லை,
தொழிற்சாலையில் ஒரு தட்டில் ஒன்று பிழைத்தால்
முழுத் தட்டையும் திருப்பி அனுப்புவோம்,
அப்படிச் செய்யலாம் என்று.

ஏன் எழுதாமல் இருக்கிறீர்கள்?

உங்களுடைய சுவர் மணிக்கூடு
ஒன்றரை நிமிடம் பிந்துகிறது, அம்மா.
வந்து இருந்ததிலிருந்து
பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.