இரண்டரை

விளம்பரத்தில் முதலில் மூன்று என்றுதான் எழுதினேன்.
ஐந்துக்கு மூன்று.
எலும்பு துருத்தாது, கொழுப்பும் தொங்காது,
யாரும் கேள்வி கேட்காத எண்.

படம் எடுத்த நாள் உறைபனி.
கெர்ரி மலைக்குப் பின்னாலிருந்து வந்த வெயிலில்
முடியெல்லாம் சிலிர்த்து நின்றான் பிஷப்:
கறுப்பு, கட்டை, டெக்ஸ்டர் இனம்,
தோள் என் இடுப்புக்கு மேலே நாலே விரல்.
கால் குட்டை, வயிறு தரைக்குப் பக்கம்.
பார்க்கிறவர்களெல்லாம் கொழுத்திருக்கிறான் என்பார்கள்.
தபால்காரர் சொல்வார்,
கால்நடை மருத்துவரின் மகள்கூட ஒருமுறை சொன்னாள்.
தராசும் உதவாது. முந்நூற்று எழுபது கிலோ
என்றால், எதில் முந்நூற்று எழுபது?

அன்று இரவு தீனி வைக்கும்போது
கையை முடிக்குள் விட்டேன்.
கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே
முதுகோரம் நீட்டியிருக்கும் சிறு எலும்புகள்
கட்டைவிரலுக்குத் தனித்தனியே எண்ண வந்தன.
நுனி கூரில்லை, உருண்டைதான்.
ஆனாலும் எண்ண வந்தன.
வாலடியில் இருபக்கமும் குழி,
கோழிமுட்டை பாதி உட்காரும்.

இரண்டரை.

அரைப் பொய்தானே என்று
எனக்கே சமாதானம் சொல்லியபடி உள்ளே வந்தேன்.
ஃபிண்டன் மேசையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான்.
"ஆறு வாரம் பார்லி போடு, நாலு வரும்" என்றான்.
வரும்.
அவசரத்தில் ஏறும் சதை முதுகுக்குப் போகாது.
வாலடியில் மெத்தையாகும், நெஞ்சில் தொங்கும்,
விதைப்பையின் கழுத்தில் அடைத்துக்கொண்டு
சூடேற்றி விதையைக் கெடுக்கும்.
பார்க்க ராஜா.
ஜூன் மாதம் பசுவின் பின்னால் மூச்சுவாங்கும் ராஜா.
அப்படி ஒன்றை நாங்களே வாங்கினோம்,
அந்த வருடம் கன்றே இல்லை.
ஃபிண்டனுக்கும் ஞாபகம் இருந்தது போல;
மேற்கொண்டு பேசவில்லை.

மூன்றை அடித்துவிட்டு மாற்றினேன்.
ஒன்பது நாள் தொலைபேசி வாய் திறக்கவில்லை.

பத்தாம் நாள் டிப்பரேரியிலிருந்து மாலக்கி ஹெனெபரி,
காலி டிரெய்லரோடும் கடலிலிருந்து ஏறிய மழையோடும்.
மழைக்கு வியாபாரம் தெரியாது.
முடியை ஒட்டப் படியவைத்து
இடுப்பின் இரு முனைகளையும் காட்டிக்கொடுத்தது.
அவர் கையுறையைக் கழற்றினார்.
அது எனக்குப் பிடித்தது.
மலைப்பக்கம் பார்த்துக்கொண்டே
நான் அழுத்திய அதே இடத்தில் அழுத்தினார்.
"எழுதியிருந்ததுதான்" என்றார்.
"மீதி எங்கே போச்சு?"

கொட்டகைக் கதவைத் திறந்தேன்.
பதினான்கு பசுக்கள். பதின்மூன்று சினை.
மெல்லுவதை நிறுத்தாமல் எங்களைப் பார்த்தன.
அந்த அரை இதோ இங்கேதான் என்று சொல்ல வாயெடுத்து,
"பார்த்து நடங்கள், வழுக்கும்" என்றேன்.

உதடு அசையாமல் எண்ணினார்.
எண்ணிவிட்டும் இருநூறு குறைத்தார்.
ஒப்புக்கொண்டேன். நேர்மைக்குக் கூலி என்று
எவரும் எங்கும் பலகை வைத்ததில்லை.

உள்ளங்கையில் துப்பிக் கைகுலுக்கும் பழக்கம் போய்விட்டது.
விற்றவர் அதிர்ஷ்டக் காசு திருப்பித் தருவது போகவில்லை.
இருபது யூரோ தாளை நீட்டினேன், நனைந்தது.
"ஒரு மூட்டை பார்லி" என்று சட்டைப்பைக்குள் வைத்தார்.
"மெதுவாகப் போடுங்கள்."

சரிவுப் பலகையில் முன்னங்காலை வைத்து
பிஷப் வெகுநேரம் யோசித்தான்.
பின்னாலிருந்து தள்ளினேன்.
கைக்குக் கிடைத்தது அந்த வாலடிக் குழிதான்.
கட்டைவிரல் தானாகவே அழுத்திப் பார்த்தது.

வண்டி வளைவு தாண்டிய பிறகும் ஒரு சந்தேகம்:
இரண்டேமுக்கால் இருக்குமோ?