ஐம்பதாவது வீடு

விளக்குக் கம்பத்தில் பிளாஸ்டிக் பட்டையால் கட்டிய
மஞ்சள் அறிவிப்பு
மூன்று நாள் மழையில் உப்பி, எழுத்து ஒழுகி,
'முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்' என்பது மட்டும்
இன்னும் வாசிக்கக் கிடைத்தது.

ஆல்டர்விக் ஊர்க்கூடத்தில் மாலை நாலு முதல் எட்டு வரை
கருத்துக் கேட்பு.
கட்டுமான நிறுவனத்து கிரிஸ்பின்
நல்ல பிஸ்கட்டாகப் பார்த்து வாங்கி வந்திருந்தார்.
நான் நெடுஞ்சாலைத் துறை.
பதில் எழுத எனக்கு இருபத்தொரு நாள்.

மேசையில் விரித்த வரைபடத்தில்
பச்சை வட்டம் சம்மதம், சிவப்பு வட்டம் கவலை.
குளத்தின்மேல் பச்சையாய் ஒட்டித் தள்ளினாள் ஒரு சிறுமி.
சம்மதமா, தவளையா?
அறிக்கையில் இதை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது?

ஜன்னலில் தெரியும் குன்று போய்விடும் என்றார் ஒருவர்.
'உங்கள் குன்று இருக்கட்டும்,
அம்மா வீட்டு மாடியில் ஓர் அறை,
இரண்டு பிள்ளைகள், நான்,
ஈரத்துணி காயவைக்கும் கொடி'
என்றாள் காரிஸ்.
கூடம் சற்று நேரம் தேநீர் குடித்தது.

ஓவன் பெப்லோ கடைசியில் வந்தார்.
பால் லாரி ஓட்டுகிறவர்.
நனைந்த மேல்சட்டையைக் கழற்றவில்லை.
ஒரே ஒரு சிவப்பு வட்டத்தை உரித்து,
பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே
சாலையின் நட்டநடுவில்
கட்டைவிரலால் அழுத்தினார்.
விரலை எடுக்கவில்லை.

'இங்கேதான் என் தங்கை.'

என்னிடம் விபத்துப் பட்டியல் இருந்தது,
ஐந்தாண்டுக் கணக்கு.
அவள் போய் ஐந்து வருடம் இரண்டு மாதம்.
பட்டியலில் அந்த வளைவு
துடைத்த தட்டுபோலச் சுத்தமாக இருந்தது.

'ஊராரைக் கேட்டோம்' என்று எழுதினேன்.
வினவியதும் கேட்டல்தான்,
செவிகொடுத்ததும் கேட்டல்தான்.
இரண்டில் எது என்று
என்னை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு
அந்த வளைவில் காருக்குள் உட்கார்ந்து எண்ணினேன்.
ஒரு மணி நேரத்தில்
ஆயிரத்து நானூற்று எட்டு வண்டிகள்.
சாலையைக் கடந்தவர்கள் நால்வர்.
நால்வரும் ஓடினார்கள்.
எங்கள் கணினிக்கு நடப்பவரைத் தெரியும்,
நொடிக்கு ஒன்றேகால் மீட்டர்.
ஓடுகிறவருக்கு அதில் இடமில்லை.

எழுதினேன்:
ஆட்சேபனை இல்லை, கீழ்க்காணும் நிபந்தனைக்கு உட்பட்டு.
ஐம்பதாவது வீட்டில் ஆள் குடியேறுமுன்
சிக்னல் வைத்த பாதசாரிக் கடவை ஒன்று
நிறுவனத்தின் செலவில் அமைய வேண்டும்.

ஏன் ஐம்பது?
பழைய கோப்பு ஒன்றில் ஐம்பது என்றிருந்தது.
நகலெடுத்து ஒட்டினேன்.
அன்று வெள்ளிக்கிழமை.

இப்போது நாற்பத்தொன்பது வீடுகள்
விளக்கேற்றி நிற்கின்றன.
திரைச்சீலைகள், குப்பைத் தொட்டிகள்,
காற்றில் கவிழ்ந்த ஒரு டிராம்போலின்.
ஐம்பதாவதற்கு அடித்தளம் மட்டும்.
மண்ணிலிருந்து நாலு குழாய்கள் தலைநீட்டி
மழை குடிக்கின்றன, புல் முளைத்துவிட்டது.
'சந்தை மந்தம்' என்கிறார் கிரிஸ்பின் தொலைபேசியில்,
பணிவாக. குரலில் துளி பொய் இல்லை.
நிபந்தனையை அவர் மீறவில்லை.
அதன் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார்,
அவ்வளவுதான்.

முப்பத்தொன்றாம் எண் காரிஸுக்குக் கிடைத்தது.
பிள்ளைகளுக்கு ஆளுக்கோர் அறை.
துணி காய முற்றம்.
காலையில் இரு கைகளிலும் இரு கைகளைப் பிடித்துக்கொண்டு
புல் ஓரத்தில் நிற்கிறாள்.
ஒன்று, இரண்டு என்று
உதடு எண்ணுவது கண்ணாடிக்கு உள்ளிருந்தே தெரிகிறது.

நான் பிரேக்கை மிதிக்கிறேன்.
என் துறையால் செய்ய முடிந்தது
இன்றைக்கு இவ்வளவு.

பின்னால் வருகிறவன்
ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை.